புதுப்பிப்பு: சைக்கிள் தடம் பற்றிய திருத்தம்

1941 டிசம்பர் 7 இரவு, மலாயாவில் கிள்ளானை அடுத்த காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கிராணி (தோட்ட எழுத்தர்) கொலையுண்டதாக நான் எழுதிவரும் துப்பறியும் கதையின் முதல் அத்தியாயத்தைச் சென்ற மாதம் இங்கே பகிர்ந்திருந்தேன். துரையின் (வெள்ளைக்கார மேலாளரின்) பங்களாவைத் தாண்டி நிற்காமல் போன சைக்கிள் தடத்தைப் பார்த்த துப்பறிவாளர், "தோட்டத்து ஆளென்றால் இறங்கித் தள்ளியிருப்பான், இவன் வெளியாள்" என்று முடிவு கட்டுவது பொருந்துமா என்றும் கேட்டிருந்தேன்.

பொருந்தாது. அதே ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில், ஊதிய உயர்வோடு, மேலாளர்களைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயத்தை நீக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்; ஆனால் அந்த ரோஷம் டிசம்பருக்குள் அடங்கியிருக்குமா? (என் பாட்டி இருந்திருந்தால் முதல் வாசிப்பிலேயே பிடித்திருப்பார்.)

ஆகவே, ஈரச் செம்மண்ணில் கால் ஊன்றிய சுவடே இல்லாமல், ஒட்டுப்போட்ட டயரின் தழும்பு மட்டும் சக்கரச் சுற்றுக்கு ஒருமுறை பதிந்து செல்லும் அந்தத் தடம், இனி லயத்து ஆளையே (தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவனையே) காட்டும். நள்ளிரவுக்குப் பின் ஜப்பானியப் படை மலாயாவின் வடகிழக்குக் கரையிலுள்ள கோத்தா பாருவில் இறங்கிவிட்டதால், காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும்போது) பிணத்தைக் கண்டவர்கள் அழைத்தும் போலீஸ் வரவில்லை என இரண்டாம் அத்தியாயத்தையும் மாற்றிவிட்டேன்.