30 மணி நேரம் இலவசம், ஆனால் மாதம் 467 பவுண்டு பில்: இதைக் கட்டாயம் கட்ட வேண்டுமா?

ஹாரோ அம்மா

வணக்கம். இங்கிலாந்தில் குழந்தையை நர்சரியில் விடுகிறவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கான வாரம் 30 மணி நேர இலவசத் திட்டத்தில் பதிந்து, 11 இலக்க கோட் வாங்கி நர்சரியில் கொடுத்தாயிற்று. வாரம் மூன்று நாள், காலை 8 முதல் மாலை 6 வரை விடுகிறோம்.

இப்போது வந்த பில்லில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "அரசு நிதி போக, இந்த மாதம் செலுத்த வேண்டியது 467 பவுண்டு." எதற்கு என்று போன் செய்து கேட்டேன். வாரத்துக்கு 22.35 மணி நேரம்தான் இலவசமாம், மீதி நேரத்துக்கு மணிக்கு 8.50 பவுண்டாம். அது போக ஒரு நாளைக்கு 15 பவுண்டு "கன்சூமபிள்ஸ்" கட்டணம். அதில் என்னென்ன அடங்கும் என்றால் சாப்பாடு, நாப்பி, துடைக்கும் டிஷ்யூ, பெயின்ட், பொம்மை என்று அடுக்கினார் மேனேஜர். என் மகள் நாப்பி போடுவதே இல்லை. அங்கே கொடுக்கும் மதியச் சாப்பாட்டையும் பாதி நாள் தொடுவதில்லை.

சாப்பாட்டை நானே கட்டிக் கொடுக்கிறேன் என்றேன். அலர்ஜி விதி இருக்கிறது, வெளிச் சாப்பாடு கூடாது என்றார். "இந்தக் கட்டணம் வேண்டாம் என்றால் இலவச இடமும் தர முடியாது" என்று முடித்துவிட்டார். சேரும்போது 75 பவுண்டு பதிவுக் கட்டணமும் வாங்கினார்கள், அதைத் திருப்பித் தர மாட்டார்களாம்.

இது எல்லா இடத்திலும் இப்படித்தானா? கேள்வி கேட்டால் குழந்தையின் இடம் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

கவுன்சிலில் வேலை பார்த்தவர்

முதலில் அந்த 467-ஐப் பிரித்துப் பார்த்துவிடலாம். அதில் நியாயமான பகுதியும் இருக்கிறது, கேள்வி கேட்க வேண்டிய பகுதியும் இருக்கிறது.

30 மணி நேரம் என்பது வருடம் முழுக்க அல்ல. பள்ளி நடக்கும் 38 வாரங்களுக்குத்தான், ஆக மொத்தம் 1,140 மணி நேரம். உங்கள் நர்சரி அதை 51 வாரத்துக்கு நீட்டிக் கொடுக்கிறது, அதனால்தான் வாரம் 22.35 வருகிறது. இது முறையானதுதான். நீங்கள் 30 மணி நேரம் விடுகிறீர்கள், மீதி 7.65 மணி நேரத்துக்குக் காசு கேட்கலாம். 8.50 வீதம் வாரம் சுமார் 65 பவுண்டு, மாதத்துக்கு 276. அதைக் கட்டத்தான் வேண்டும். வேண்டாம் என்றால் பள்ளி நடக்கும் வாரங்களில் மட்டும் முழு 30 மணி நேரம் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சில நர்சரிகளில் உண்டு, ஆனால் விடுமுறையில் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி வரும்.

மிச்சம் 191 பவுண்டு. நாளைக்கு 15 வீதம் வாரம் 45, அதுதான் இது. சிக்கல் முழுக்க இங்கேதான்.

கல்வித் துறை கவுன்சில்களுக்கு (உள்ளாட்சி மன்றங்களுக்கு) கொடுத்திருக்கும் சட்டபூர்வ வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. சாப்பாடு, நாப்பி, சன் கிரீம், வெளியே கூட்டிப் போவது, நடன வகுப்பு போன்றவற்றுக்கு நர்சரி காசு கேட்கலாம். அரசு தரும் நிதி அதற்கானது அல்ல. ஆனால் அந்தக் கட்டணம் பெற்றோர் விரும்பினால் கட்டுவதாக இருக்க வேண்டும். இதைக் கட்டினால்தான் இலவச இடம் என்று நிபந்தனை போடக் கூடாது. உங்கள் மேனேஜர் போனில் சொன்னது இந்த விதிக்கு நேர் எதிரானது.

பெயின்டும் பொம்மையும் வேறு விஷயம். கைவேலைப் பொருள், புத்தகம், விளையாட்டுச் சாமான், சுத்தம் செய்யும் பொருள் இதெல்லாம் நர்சரி நடத்த அடிப்படையாகத் தேவைப்படுபவை. இலவச மணி நேரத்துக்கு இவற்றைச் சொல்லித் தனியாகக் காசு கேட்கக் கூடாது. அரசு தரும் தொகைக்கும் நர்சரியின் வழக்கமான கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை "டாப்-அப்" என்று வசூலிப்பதற்கும் தடை உண்டு. அதே வித்தியாசம் வேறு பெயரில் பில்லில் ஏறக் கூடாது என்பதுதான் இத்தனை விதிகளுக்கும் காரணம்.

2025 பிப்ரவரியில் வழிகாட்டுதலைத் திருத்தி, பில் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். இலவச மணி நேரம், காசு கட்டும் கூடுதல் மணி நேரம், சாப்பாடு, மற்ற பொருட்கள், கூடுதல் வகுப்புகள் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒற்றை வரி பில் போதாது.

அந்த 75 பவுண்டும் நிற்காது. இலவச இடத்துக்குத் திருப்பித் தரக்கூடிய டெபாசிட் வாங்கலாம். திருப்பித் தராத பதிவுக் கட்டணத்தை நிபந்தனையாக வைக்கக் கூடாது.

லீட்ஸ் அப்பா

எங்கள் மகனுடைய நர்சரியில் வேறு மாதிரி. இலவச நேரம் 9 முதல் 12, அப்புறம் 1 முதல் 4. நடுவில் அந்த ஒரு மணி நேரத்துக்கு "லன்ச் கிளப்" என்று தனிக் காசு. 12 மணிக்குக் கூட்டிப் போய் 1 மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விட யாரால் முடியும்? இது சரியா?

இன்னொன்று. என்னுடைய நண்பர் ஒருவர் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். அவர் மகளுக்கு இதில் ஒன்றுமே கிடையாது என்று நர்சரியில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

கவுன்சிலில் வேலை பார்த்தவர்

நண்பர் விஷயம் அவசரம் என்பதால் அதை முதலில் சொல்கிறேன். அவர் விசாவில் அரசு உதவி பெற முடியாது என்ற நிபந்தனை இருந்தால் வேலைக்குப் போகும் பெற்றோருக்கான 30 மணி நேரத் திட்டம் அவருக்குக் கிடையாது. வீட்டில் இருவருக்குமே அதே நிபந்தனை என்றால் வழியில்லை. குழந்தைப் பராமரிப்புச் செலவில் அரசு ஒரு பங்கு போடும் டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் திட்டமும் அப்படித்தான். ஆனால் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் உள்ள 15 மணி நேரம் அவர் மகளுக்கும் உண்டு. அதற்குப் பெற்றோரின் விசாவும் வருமானமும் கணக்கில் வராது, 11 இலக்க கோடும் வேண்டாம். மூன்று வயது முடிந்த பிறகு வரும் ஜனவரி 1, ஏப்ரல் 1 அல்லது செப்டம்பர் 1, இவற்றில் எது முதலில் வருகிறதோ அன்றிலிருந்து கேட்கலாம். பிறந்த தேதிக்கு ஆதாரம் காட்டினால் போதும். வருடத்துக்கு 570 மணி நேரம். விசாவைக் காரணம் காட்டி இத்தனை குழந்தைகளுக்கு இது கிடைக்காமல் போவதைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை. தயவுசெய்து அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

உங்கள் லன்ச் கிளப் விஷயத்துக்கும் வழிகாட்டுதலில் பதில் இருக்கிறது. இலவச நேரம் நடுவில் துண்டு போடாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது. காசு வாங்குவதற்காகவே செயற்கையாக ஓர் இடைவெளி வைக்கக் கூடாது. கவுன்சிலிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ஈஸ்ட்ஹாம் நர்சரி ரீச்சர்

நான் பல வருடமாக நர்சரியில் வேலை செய்கிறேன். தங்கச்சி, நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். அதேநேரம் மற்றப் பக்கத்தையும் தெரிந்துகொண்டு கதைத்தால் உங்களுக்குத்தான் நல்லது.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கவுன்சில்களுக்குக் கொடுக்கும் காசு, நாடு தழுவிய சராசரியாகப் பார்த்தால், 2024-25இல் மணிக்கு 5.88 பவுண்ட். இரண்டு வயதுக்கு 8.28, அதற்கும் கீழே 11.22. உங்களுடைய நர்சரி தனியே காசு கட்டுகிறவர்களிடம் 8.50 வாங்குகிறது என்றால், இலவச மணித்தியாலம் ஒவ்வொன்றிலும் எவ்வளவு குறையும் என்று பாருங்கள். 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் 12.21 பவுண்டுக்குப் போனது. வேலைக்காரர்களுக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் நேஷனல் இன்சூரன்சும் 15 சதவீதம் ஆனது. அதே வருடம் செப்டம்பரில் ஒன்பது மாதப் பிள்ளையிலிருந்து 30 மணித்தியாலத் திட்டம் வந்தபிறகு, முன்பு முழுக் காசு கட்டிய பெற்றோரும் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அந்தக் குறையைத்தான் சில இடங்களில் பெற்றோரின் தலையில் வைக்கிறார்கள். அரசாங்கம் போதுமான காசு கொடுக்காமல் "இலவசம்" என்று விளம்பரம் செய்வதுதான் பிழை என்பது என்னுடைய எண்ணம். ஆனால் அதற்காக விதியை மீறிக் கட்டாயப்படுத்துவதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

சாப்பாடு பற்றி: அலர்ஜி விதி என்றால் கச்சான் (வேர்க்கடலை), முந்திரி எதுவும் கொண்டுவராதே என்று சொல்லலாம், அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். அதைக் காரணமாக வைத்து வீட்டுச் சாப்பாட்டையே மறுத்துவிட்டு, காசும் கட்டாயம் என்று சொல்ல ஏலாது. ஒன்றில் வீட்டுச் சாப்பாட்டுக்கு இடம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டணத்தைக் குறைக்கவோ விடவோ வேண்டும். எங்களிடம் தயிர்ச் சோறு, இட்லி, புட்டு எல்லாம் வருகிறது. பெட்டியில் ஐஸ் பாக் வைத்து, பெயர் எழுதி விடுங்கள். திராட்சை என்றால் நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள், முழுசாக அனுப்பினால் தொண்டையில் சிக்கிவிடும். சட்னியில் கச்சானும் முந்திரியும் சேர்க்காதீர்கள்.

ஹாரோ அம்மா

எல்லோருக்கும் மிக்க நன்றி. 191 பவுண்டு என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபடுகிறது. எழுதிக் கேட்கலாம் என்று இருக்கிறோம். எப்படி ஆரம்பிப்பது? மேனேஜரோடு சண்டை வேண்டாம், மகளுக்கு அங்கே ஒரு டீச்சரை ரொம்பப் பிடிக்கும். நேராகக் கவுன்சிலுக்குப் போகலாமா, ஆஃப்ஸ்டெட்டில் புகார் செய்ய வேண்டுமா?

கவுன்சிலில் வேலை பார்த்தவர்

ஆஃப்ஸ்டெட் பாதுகாப்பையும் தரத்தையும் பார்க்கிற அமைப்பு, கட்டணத் தகராறை எடுக்காது. முதலில் நர்சரிக்கு ஈமெயில். போனில் பேசியதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது, அதனால் எழுத்தில் வாங்குவது முக்கியம். இந்தப் பொருளில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்:

"என் மகள் இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறாள், தொடர்ந்து விட விரும்புகிறோம். இந்த மாதப் பில்லை இலவச நேரம், கூடுதல் நேரம், சாப்பாடு, பொருட்கள், கூடுதல் வகுப்புகள் என்று பிரித்து அனுப்ப வேண்டுகிறேன். கூடுதல் நேரத்துக்கான கட்டணத்தைக் கட்டுகிறோம். நாளொன்றுக்கு 15 பவுண்டு கட்டணம் விருப்பத்தின்பேரிலானது என்று அரசு வழிகாட்டுதல் சொல்வதாக அறிகிறேன். அது எங்களுக்கு வேண்டாம், மதிய உணவை உங்கள் அலர்ஜி விதிப்படி நாங்களே அனுப்புகிறோம். இந்தக் கட்டணம் கட்டாயம் என்பது உங்கள் நிலைப்பாடாக இருந்தால் அதை எழுத்தில் தெரிவியுங்கள். பதிவுக் கட்டணம் 75 பவுண்டைத் திருப்பித் தரவும் கோருகிறேன்."

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். போனில் கட்டாயம் என்று சொல்வது சுலபம். அதையே எழுத்தில் கொடுக்கச் சொன்னால் பலரும் யோசிப்பார்கள்.

பதில் சரியில்லை என்றால் உங்கள் கவுன்சிலின் ஃபேமிலி இன்பர்மேஷன் சர்வீசுக்கு அந்த ஈமெயிலையும் பில்லையும் சேர்த்து அனுப்புங்கள். நர்சரிக்கு நிதி போவதே கவுன்சில் வழியாகத்தான், இரண்டுக்கும் இடையே ஒப்பந்தம் உண்டு. கவுன்சிலும் கைவிரித்தால் அதன் புகார் முறையை முடித்துவிட்டு கவுன்சில்கள் மீதான புகாரை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை.

கிளாஸ்கோவில் இருந்து

இடையில் ஒரு வார்த்தை. இதெல்லாம் இங்கிலாந்து விதி. ஸ்காட்லாந்தில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் 1,140 மணி நேரம், பெற்றோர் வேலைக்குப் போகிறார்களா என்று பார்ப்பதில்லை, சாப்பாடும் அதற்குள்ளேயே இலவசம். இந்த இழையைப் படித்துவிட்டு இங்கே யாரும் குழம்ப வேண்டாம்.

சைல்ட்மைண்டர், லெஸ்டர்

கூடுதல் நேரத்துக்குக் கட்டும் 276-க்கு டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் கணக்கு வைத்திருக்கிறீர்களா? 30 மணி நேரத்துக்குப் பதிந்த அதே இடத்தில் அதையும் கேட்கலாம், இரண்டையும் சேர்த்தே பெறலாம். நீங்கள் 8 பவுண்டு போட்டால் அரசு 2 போடும், மூன்று மாதத்துக்கு 500 பவுண்டு வரை. அப்படிப் பார்த்தால் 276-இல் சுமார் 55 பவுண்டு அரசிடமிருந்து வந்துவிடும். நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஹாரோ அம்மா

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும். ஈமெயில் அனுப்பியதும் மேனேஜர் நேரில் கூப்பிட்டுப் பேசினார், மரியாதையாகவே பேசினார். தலைமை அலுவலகம் கொடுத்த கட்டண அட்டைப்படி சொன்னாராம். அடுத்த மாதத்திலிருந்து 15 பவுண்டு கிடையாது, சாப்பாடு வீட்டிலிருந்து. கொட்டை வகை இல்லை என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இந்த மாதப் பில்லையும் திருத்தி, வரி வரியாகப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். டாக்ஸ்-ஃப்ரீ கணக்கும் திறந்தாயிற்று. 75 பவுண்டுக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை, அதைக் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறோம்.

அதே வகுப்பில் இன்னும் இரண்டு அம்மாக்களுக்கும் இதே பில்தான். ஒருவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது, அவருக்கு நான் எழுதிக் கொடுக்கிறேன்.

கவுன்சிலில் வேலை பார்த்தவர்

ரொம்ப நல்ல விஷயம். அந்த அம்மாக்களிடம் இதையும் சொல்லுங்கள்: அந்த 11 இலக்க கோட் எண்ணை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி உறுதி செய்ய வேண்டும். வரித் துறையான எச்எம்ஆர்சி அனுப்பும் நினைவூட்டல் ஸ்பேமில் போய் விழுந்து, தேதி தாண்டிவிட்டால் சலுகைக் காலம் கொஞ்ச நாள்தான், அப்புறம் 30 மணி நேரம் 15 ஆகிவிடும். புதிதாகச் சேர்க்கிறவர்கள் ஜனவரியில் ஆரம்பிக்க வேண்டுமென்றால் டிசம்பர் 31-க்குள் கோட் கையில் இருக்க வேண்டும், ஏப்ரலுக்கு மார்ச் 31, செப்டம்பருக்கு ஆகஸ்ட் 31.