மறு: எக்ரானோபிளானுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். நீர்ப்பரப்பை ஒட்டியே தாழப் பறக்கும் எக்ரானோபிளான் என்ற ஊர்திக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ஒரு சொல் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு கருத்து:

> "தரைவிளைவு விமானம்" என்றே வைத்துவிடலாமே. பொருள் விளங்குகிறது. எதற்குப் புதிதாக ஒன்று?

அக்கா, அந்தத் தொடரின் இரண்டு சொல்லும் எனக்கு இடிக்கிறது. இந்த ஊர்தியை உருவாக்கிய சோவியத் பொறியாளர் அலெக்சேயெவின் பெரிய கலம் ஓடியது காஸ்பியன் கடல் மேல், அங்கே தரை ஏது? விமானம் என்பதும் பொருந்தவில்லை. அதைக் கட்டியது சோவியத் கப்பல் கட்டும் அமைச்சகத்தின் கீழ் இருந்த வடிவமைப்பகம். அந்தக் கலத்தின் பெயரான 'கேஎம்' என்பதே ரஷ்ய மொழியில் 'மாதிரிக் கப்பல்' என்பதன் சுருக்கம். உளவுக்கோள் படத்தில் அதைக் கண்டு மிரண்ட அமெரிக்கர்கள்தாம் 'காஸ்பியன் மான்ஸ்டர்' என்று விரித்துக்கொண்டார்கள். (இதற்குத் தமிழில் 'காஸ்பியன் பூதம்' போதும். 'அரக்கன்' வேண்டாம், அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை.)

அந்த மனிதர் வந்த வழியைப் பார்த்தால் சொல்லை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரிந்துவிடும். ரஸ்திஸ்லாவ் அலெக்சேயெவ் 1916இல் பிறந்தவர். வோல்கா கரையிலுள்ள கோர்க்கி (இன்று நிஷ்னி நோவ்கரத்) நகரில் கப்பல் கட்டப் படித்தவர், பாய்மரப் படகுப் பைத்தியம். 1941இல் பட்டத்துக்காகச் செய்த வடிவமைப்பே நீருக்கடியில் சிறகு வைத்த படகுதான். வேகம் கூடினால் அந்தச் சிறகு உடலை நீருக்கு மேலே தூக்கிவிடும், சிறகு மட்டும் உள்ளே இருக்கும். 1957இல் வந்த அவருடைய 'ரகேத்தா' பயணியர் படகு இந்த வகை. ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டப் போனால் சிறகின் மேற்புறத்தில் அழுத்தம் சரிந்து, நீர் அங்கேயே கொதித்துக் குமிழியாகும். தூக்குவிசை போய்விடும், குமிழி வெடித்து வெடித்து உலோகமும் அரித்துவிடும்.

மற்றவர்கள் சிறகின் வடிவத்தை மாற்றிப் பார்த்தார்கள். இவர் சிறகையே நீரிலிருந்து எடுத்துக் காற்றில் வைத்தார், ஆனால் நீரை விட்டு விலகாமல். இறக்கையின் அகலத்தோடு ஒப்பிட மிகத் தாழ்வாகப் பறக்கும்போது அடியில் காற்று நெருக்குண்டு அழுத்தம் ஏறும். இறக்கை நுனியில் சுருளும் காற்றுச் சுழல்களுக்கும் விரிய இடமிருக்காது, அதனால் இழுவை குறையும். கூழைக்கடா ஏரியின் மேல் சிறகசைக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறதே, அதுவும் இதே கணக்குத்தான்.

அதை அவர் எவ்வளவு பெரிதாகச் செய்தார் என்பதில்தான் கிறுக்குத்தனம் இருக்கிறது. கேஎம்மின் நீளம் 92 மீட்டர். இறக்கை விரிவு 38 மீட்டருக்கும் குறைவு. உச்ச எடை 544 டன். 1969இல் பறந்த முதல் போயிங் 747க்கே உச்ச எடை ஏறத்தாழ 330 டன்தான். மொத்தம் பத்து ஜெட் எஞ்சின்கள். முன்பக்கத்து எட்டும் கிளம்பும்போது இறக்கைக்கு அடியில் காற்றை ஊதித் தூக்கிவிட. எழும்பியதும் அவற்றுக்கு ஓய்வு, வாலில் இருக்கும் இரண்டே பயணத்துக்குப் போதும். 1966 அக்டோபரில் முதல் ஓட்டம். ஓட்டுநர் அறையில் சோதனை விமானியோடு அலெக்சேயெவும் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பழக்கம் பின்னால் ஒருமுறை உயிர்களைக் காத்தது. எழுபதுகளின் நடுவில் சிறிய கலமான 'ஓர்லியோனக்' சோதனையில் இருந்தபோது, பின்பகுதி அப்படியே முறிந்து வால் எஞ்சினோடு கடலில் விழுந்தது. அவர் கட்டுப்பாட்டைத் தாமே வாங்கிக்கொண்டு, மூக்கு எஞ்சின்களை முடுக்கி, மிச்சமிருந்ததைக் கரைக்கு ஓட்டிவந்துவிட்டார். அதற்குக் கிடைத்த பரிசு, தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கம். 1980 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டில் பூதமும் விபத்தில் மூழ்கியது, தூக்க முடியாத எடை என்பதால் கடலிலேயே விட்டுவிட்டார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ரஷ்யச் சொல்லில் 'எக்ரான்' என்றால் திரை. அதை எடுத்து 'திரைவானி' என்று ஒருவர் எழுதியிருந்தார். படிப்பவர் திரையரங்கு என்றுதான் நினைப்பார். 'தாழ்பறப்பி' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தாழப் பறக்கும் போர் விமானமும் அதில் அடங்கிவிடும். 'பரப்பொட்டி' எழுத்தில் சரி. வாயில் வந்தால் 'பரப்போட்டி' ஆகி யாரோ பரப்பை ஓட்டுகிறார் என்றாகும்.

என் முன்மொழிவு: விளைவுக்குப் பரப்பணை விளைவு, ஊர்திக்குப் பரப்பணைக் கலம். பரப்பு என்றால் நீரும் அடங்கும், பனியும் அடங்கும். அணை என்பது பஞ்சணையின் அணை. தழுவிப் போவதும் அதற்குள் வந்துவிடுகிறது. கலம் என்பது மரக்கலத்துக்கும் விண்கலத்துக்கும் ஏற்கெனவே உழைக்கிற சொல், கப்பலா விமானமா என்ற வழக்கை நம் தலையில் சுமத்தாது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பே இவற்றை மூன்றாகப் பிரிக்கிறது: பரப்பை விட்டு எழவே முடியாதவை, சற்று நேரம் எழும்பக்கூடியவை, தாராளமாக மேலே பறப்பவை. கலம் என்றால் மூன்றும் அடங்கும்.

'எக்ரானோபிளான்' என்பதைச் சோவியத் வரிசைக்கு மட்டும் பெயர்ச்சொல்லாக வைத்துக்கொள்வோம்.

---

> தம்பி, அணை என்றால் எங்கள் பக்கம் மேட்டூர்தான். மாணவன் நீர்த்தேக்கத்தில் விடும் படகு என்று எழுதிவைப்பான். தவிர, ஹோவர்கிராஃப்டைக் காற்று மெத்தை ஊர்தி என்கிறோமே, அதோடு குழம்பாதா?

ஐயா, மேட்டூரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலையணையைப் பார்த்து யாரும் மதகு தேடுவதில்லை. கூட்டுச்சொல்லில் முன்சொல் காப்பாற்றும். இரண்டாவது கேள்விதான் கனமானது. ஹோவர்கிராஃப்ட் விசிறியால் காற்றை அடைத்து நின்ற இடத்திலேயே மிதக்கும். இது ஓடினால்தான் மிதக்கும். அந்த வேறுபாடு என் சொல்லில் இல்லை என்பது உண்மை. விளக்கக் குறிப்பில் "முன்னோக்கிய வேகத்தால்" என்று சேர்த்துவிடலாம்.

2025இல் பெங்களூரு ஏரோ இந்தியா கண்காட்சியில் சென்னை ஐஐடி சார்ந்த நிறுவனம் ஒன்று இதே வகைக் கலத்துக்கான வடிவமைப்பைக் காட்டியது. செய்தி எழுதுவோர் 'கடல் விமானம்' என்று பழக்கிவிட்டால் நீரில் இறங்கும் சாதாரண விமானத்துக்கு நம்மிடம் சொல் மிஞ்சாது. இந்த வாரத்துக்குள் வேறு சொல் வராவிட்டால் பரப்பணைக் கலத்தையே வரைவுப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். மறுப்பிருந்தால் அதையும் பக்கத்திலேயே பதிந்துவைப்போம்.