மறு: ‘ஸ்பைன்’ – முதுகெலும்பு வேண்டாம், ‘முரண்டு’ போதும்

அன்புள்ள குழுவினருக்கு,

தூண்டில்கோல் கட்டும் வேலைக்கு நாம் தேடும் தமிழ்ச் சொற்களில் வளையம், நுனிவளையம், பிடி, அடிமூடி, நூல்கட்டு ஆகிய ஐந்துக்கும் மறுப்பு வரவில்லை. பட்டியலில் ஏற்றிவிடலாம். பிளாங்குக்கு, அதாவது வளையமும் பிடியும் இன்னும் கட்டாத மொட்டைக் கோலுக்கு, சொன்ன ‘கழை’யும் நிற்கட்டும். கார்பனில் செய்ததை மூங்கில் பெயரால் அழைப்பதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாணாற்றுப்படை ‘நெடுங்கழைத் தூண்டில்’ என்கிறது, கயிற்றுக்கு ‘நாண்’ என்கிறது. இரண்டும் கைவசம் இருக்க ‘வெற்றுக்கோல்’ எதற்கு? கண்ணாடிக்குவளையை ‘கிளாஸ்’ என்று சொல்லிச் சொல்லி எவர்சில்வரில் செய்ததையும் கிளாஸ் என்றே கேட்டு வாங்குகிறோம். கழையும் அப்படிப் பழகிவிடும்.

இழுபறி ‘ஸ்பைன்’ ஒன்றில்தான், அதாவது கழை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளையாமல் இருப்பதற்கான பெயரில்.

> ஆங்கிலத்தில் முதுகெலும்பு என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே வைத்தால் என்ன?

வைக்கலாம். ஆனால் புதிதாகக் கோல் கட்ட வருகிறவர் கழையை உரித்தால் உள்ளே ஏதோ எலும்பு மாதிரி ஓடும் என்று நினைத்துக்கொள்வார். அப்படி எதுவும் இல்லை. நுனி சிறுத்த எஃகுத் தண்டின் மேல் பிசின் ஊறிய கார்பன் துணியைச் சுற்றி, அதன் மேல் நாடாவை இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, கடைசியில் தண்டை உருவிவிடுகிறார்கள். மிஞ்சுவது உள்ளே ஒன்றுமில்லாத குழாய். துணி தொடங்கிய விளிம்பும் முடிந்த விளிம்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடத்தில் சுவர் மயிரிழை கனத்துப் போகும். சுற்றுமுற்றும் சுவர் ஒரே கனத்தில் இல்லாததால் எல்லாத் திசையிலும் கழை ஒரே மாதிரி வளையாது. சங்கதி அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிப்பது கையால். கழையின் அடியை வழவழப்பான மேசையில் ஊன்றி, நுனிப்பக்கத்தை இடது உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டு, வலது விரல்களால் நடுவில் அழுத்தி வளைத்தபடி மெதுவாக உருட்டுங்கள். கொஞ்ச தூரம் இழுவையாக வரும். பிறகு சட்டென்று விரலுக்கடியில் துள்ளித் திரும்பி ஒரு நிலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து நகர்த்தப் பார்த்தால் வராது, விட்டால் மறுபடி அதே இடத்துக்கே போகும். மாடு கட்டுகிற வீட்டில் இதற்கு என்ன சொல்வார்கள்? முரண்டு பிடிக்கிறது என்பார்கள்.

எனவே என் முன்மொழிவு: ஸ்பைன் – முரண்டு. ஸ்பைன் பார்ப்பது – முரண்டு பார்த்தல். ‘முரண்டு அதிகமுள்ள கழை’, ‘முரண்டே இல்லாத கழை’ என்று இடறாமல் எழுத வருகிறது. ‘விறைப்பச்சு’ (விறைப்பு + அச்சு) என்று பொறியாளர் நண்பர் தந்த சொல்லில் பிழையில்லை, துல்லியமும் உண்டு. ஆனால் பசை காயும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் ‘விறைப்பச்சு பார்த்தாச்சா?’ என்று யாரும் கேட்கப்போவதில்லை.

---

தம்பிக்கு,

சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு கேள்விகள்.

ஒன்று, முரண்டு எந்தப் பக்கம்? கழை துள்ளி உட்கார்ந்ததும் வளைவின் வெளிப்பக்கத்தைத்தான் ஸ்பைன் என்று நான் பழகியிருக்கிறேன். உட்பக்கம் என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள். சொல்லை மாற்றினால் மட்டும் இந்தக் குழப்பம் போய்விடுமா?

இரண்டு, இதற்கு இத்தனை மரியாதை வேண்டுமா? முரண்டு பார்த்துக் கட்டாவிட்டால் மீன் இழுக்கும்போது கோல் கையில் திருகும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், நாமும் நம்பினோம். வளையங்களை மேலே வைத்துக் கட்டிய கோல் முரண்டு பார்த்தாலும் திருகும், பார்க்காவிட்டாலும் திருகும். நாண் கழைக்கு மேலே ஓடுகிறது. பளு ஏறியதும் அது கீழே இறங்கப் பார்க்கும், வளையங்களையும் கூட இழுக்கும். வளையம் கீழே இருக்கும் ஸ்பின்னிங் கோலில் நாண் ஏற்கெனவே கீழேதான், அதனால் திருக்கு இல்லை. குற்றவாளி வளையத்தின் உயரம். கழையின் மேல் பழி போடுகிறோம்.

இப்போதெல்லாம் நான் கழையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, இயல்பாக எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று பார்த்து அதை வைத்துத்தான் கட்டுகிறேன். கண்ணுக்கு நேராகத் தெரிகிற கோல்தான் கைக்கும் பிடிக்கிறது.

---

ஐயா,

முதல் கேள்விதான் என் பக்கத்துக்கு வலு. முதுகெலும்பு என்று வைத்தால் அது ஒரு பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், உடனே ‘எந்தப் பக்கம்’ என்ற சண்டை வந்துவிடும். முரண்டு ஒரு குணம். முரண்டு பிடிக்கும் மாட்டிடம் முரண்டு எந்தக் காலில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அகவளைவு’, ‘புறவளைவு’ என்று தனியாக எழுதிவிடுவோம். ‘முரண்டு பார்த்து, அகவளைவில் பென்சிலால் கோடு போடவும்’ என்றால் உங்களுக்கும் உட்பக்கக் கட்சிக்கும் ஒரே அர்த்தம்தான். இன்னொன்று, உருட்டும்போது கிடைக்கிற துள்ளலில் சுவரின் கனமும் இருக்கிறது, நீங்கள் சொன்ன கோணலும் கலந்திருக்கிறது. இரண்டையும் விரல் பிரித்தறியாது. பக்கத்தைப் பெயரிலேயே அடைத்துவைக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவதை அப்படியே ஏற்கிறேன். விளக்கக் குறிப்பில் ‘கோல் திருகுவதற்கு முரண்டு காரணமன்று’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். இயல்பான கோணலுக்குக் ‘கோட்டம்’ போதும் என்று நினைக்கிறேன். பழைய சொல், பொருளும் சரியாக உட்காருகிறது. கோயில் நினைவு வரும் என்று யாராவது சொன்னால் ‘கோணல்’ என்றே வைத்துவிடலாம், எனக்குப் பிடிவாதமில்லை.

திருக்கைத் தவிர்க்க, சுருள் (ரீல்) பக்கத்து வளையத்தை மேலே வைத்து, அடுத்தடுத்த வளையங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் இறக்கி, நுனிவளையம் அடியில் வருமாறு கட்டுகிறார்களே, ஸ்பைரல் ராப், அதற்கு இன்னும் பெயர் இல்லை. ‘சுழல்கட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார், கோலே சுழல்வது போல ஒலிக்கிறது. வளையவரிசை வலப்பக்கமாக இறங்கினால் வலம்புரிக் கட்டு, இடப்பக்கமாக இறங்கினால் இடம்புரிக் கட்டு என்று வைக்கலாமா? வலம் இடம் என்பது கோலைப் பிடித்திருப்பவர் பார்வையில். பொதுப்பெயர் புரிகட்டு. வலக்கையால் சுருள் சுற்றுபவருக்கு எந்தப் புரி தோதாக இருக்கும் என்பதை இரண்டையும் கட்டிப் பார்த்தவர்கள் எழுதுங்கள், அதையும் விளக்கத்தில் சேர்த்துவிடலாம்.