ஆல்ஃப்ரிஸ்டன் பாதிரியார் இல்லம்: இதில் எது பழசு?

வெண்சுண்ணம்:
இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் இருக்கும் இந்தப் புல்வேய்ந்த கூரை வீட்டை 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று இங்கே பலரும் கொண்டாடுகிறீர்கள். நான் ஏற்கவில்லை. கூரை மாறிவிட்டது, மண்பூச்சு மாறிவிட்டது. 1896இல் பழங்கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 10 பவுண்டுக்கு வாங்கியபோது இடிந்து விழும் நிலை. அதன்பின் நடந்ததெல்லாம் பழுதுபார்ப்பு. மிச்சம் என்ன இருக்கிறது?

தச்சன்மகன்:
சட்டகம் இருக்கிறது நண்பரே. மரவீட்டில் வீடு என்பதே அதுதான். கூரையும் மண்ணும் அவ்வப்போது மாற்றவேண்டியவை. ஓக் தூண்களையும் விட்டங்களையும் செருகி, மரமுளை அடித்து இறுக்கிய வேலை அது. அமைப்பைப் பாருங்கள். நடுவில் கூரை வரை திறந்த கூடம், இருபுறமும் இரண்டடுக்கு அறைகள். மேலறைகள் முன்னால் துருத்தி நிற்க, கூரை மட்டும் ஒரே நேராக ஓடுகிறது. அதனால் கூடத்துக்கு முன்னே கூரை விளிம்பு சுவரைவிட்டு விலகி நிற்கும். வளைந்த தாங்குமரங்கள்தான் அதைப் பிடிக்கின்றன. இதைத்தான் வீல்டன் வீடு என்கிறார்கள். எத்தனை அழகான தீர்வு!

மாடக்குளம்:
தரையையும் சொல்லுங்கள். சுண்ணப்பாறையை இடித்துப் பரப்பி, புளித்த பால் ஊற்றி இறுக்கியது.

வெண்சுண்ணம்:
முறை பழசு என்பதால் பொருள் பழசாகிவிடாது. இன்னொன்று, பிற்காலத்தில் இதே வீட்டைப் பகுதிகளாகப் பிரித்துக் கூலித்தொழிலாளர்கள் குடியிருந்தார்கள். போய் வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கூடத்தைத்தான் பேசுகிறார்கள். அந்தத் தொழிலாளர்கள் வாழ்ந்த காலம் மட்டும் வரலாறு இல்லையா?

தச்சன்மகன்:
நியாயமான கேள்வி. ஆனால் பழுதுபார்த்தவர் யார் என்று பாருங்கள். வீட்டைக் காக்கும்படி ஊர்ப் பாதிரியார் பெய்னன் முறையிட்டார், நேஷனல் டிரஸ்டை நிறுவியவர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில் போன்றோர் அந்த முயற்சியை எடுத்து நடத்தினார்கள், வேலையைச் செய்தவர் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பவல். வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் வழியில் வந்தவர் அவர். பழையதுபோல் புதிதாகச் செய்து ஒட்டக்கூடாது, இருப்பதைத் தாங்கிப்பிடிக்க வேண்டும் என்பதே அந்தச் சங்கத்தின் கொள்கை.

வெண்சுண்ணம்:
கொள்கை சரி. அப்படியானால் எந்த மரம் அசல், எது பின்னால் வைத்தது என்று பார்ப்பவருக்குச் சொல்லியாக வேண்டும். அது வரை "14ஆம் நூற்றாண்டு வீடு" என்று மொட்டையாகச் சொல்வதை எதிர்ப்பேன்.

மாடக்குளம்:
அந்தக் கோரிக்கையில் நானும் உங்கள் பக்கம். ஆனால் வீட்டின் வயதில் தச்சன்மகன் சொல்வதுதான் சரி.