கச்சான் காலத்தில் கைவிடும் கிணறும் வேலியும்: கண்டதைப் பகிருங்கள்

கல்லடி (மட்டக்களப்பு)

ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கத் தொடங்கினால் கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் கிணறுகளில் தேத்தண்ணியே கரிக்கும். மாரி பிந்தினால் இன்னும் மோசம். "ரெண்டு வளையம் இறக்கினால் சரி" என்று கிணற்றை ஆழமாக்கத்தான் பலரும் தொடங்குகிறார்கள். பிழை அங்கேதான். மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பை அமத்தி வைத்திருக்கும். மேலே ஒரு அங்குலம் குறைந்தால் கீழே உப்பு 40 அங்குலம் ஏறப் பார்க்கும். ஆழமாக்கினால் உப்புக்குக் கிட்டப் போகிறோம், அவ்வளவுதான். கடல் மட்டம் உயர உயர இந்த இடைவெளி இன்னும் சுருங்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு இதே கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துப் பார்த்தார்கள். தெளியவில்லை. உப்பைக் கழுவி இறக்கியது மாரி மழை.

மோட்டர் உறிஞ்சும் குழாயின் நுனியிலுள்ள அடி வால்வைக் கிணற்றின் அடியில் போடாதீர்கள். நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே தூக்கிக் கட்டுங்கள். மட்டம் இறங்கியதும் மோட்டர் காற்றை இழுக்கும். உடனே நிற்பாட்ட வேண்டும், இல்லாவிட்டால் சீல் போய்விடும். பத்துப் பத்து நிமிடமாக, ஊற விட்டு இறையுங்கள்.

காத்தான்குடி

கல்லடித் தம்பி சொன்னதோடு இன்னும் ஒன்று. 500 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழைக்கு ஏறக்குறைய 1000 லீற்றர் கிடைக்கும். அதை வடிகானுக்கு விடாமல் மணல் குழிக்கு விடுங்கள். மலசலகூடக் குழிப் பக்கம் வேண்டாம்.

வெல்லாவெளி

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்களுக்கு யானைதான் பிரச்சினை. குளம் வற்ற வற்ற அது ஊருக்குள் வருகிறது, அதே நேரம் பார்த்து மின்வேலியும் சோர்ந்துவிடுகிறது. கம்பியில் பல்லாயிரம் வோல்ற் ஓடினாலும், யானையின் உடம்பால் மண்ணுக்கு இறங்கி, மண்ணில் இறக்கிய எர்த் கம்பியால் வேலிக்கு மின் கொடுக்கும் பெட்டிக்குத் திரும்பினால்தான் அடி விழும். காய்ந்து வெடித்த மண் அந்தச் சுற்றை அறுத்துவிடும். பெட்டியைக் குறை சொல்லிப் புதிதாக வாங்குவது வீண்செலவு.

பெட்டியிலிருந்து 100 மீற்றர் தள்ளி, வேலிக் கம்பியில் இரும்புக் கம்பிகளைச் சாய்த்து மண்ணோடு ஷார்ட் ஆக்குங்கள். கடைசி எர்த் கம்பியில் அளந்து பாருங்கள். 300 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது. இரண்டு மீற்றர் நீளக் கல்வனைஸ் கம்பி மூன்று, மூன்று மீற்றர் இடைவெளியில், ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்து இறக்குங்கள். அப்படியும் போதாவிட்டால் வேலியில் மின் ஓடும் உயிர்க் கம்பிகளுக்கு நடுவே, எர்த்தோடு இணைத்த ஒரு கம்பியையும் இழுங்கள். இரண்டும் பட்டால் மண் காய்ந்திருந்தாலும் அடிக்கும். வீட்டுக் கரண்டை நேரே வேலிக்குக் கொடுப்பது ஆளைக் கொல்லும், குற்றமும்கூட.

நெல் மூட்டையைப் படுக்கிற அறையில் அடுக்காதீர்கள். மணம் பிடித்தால் யானை அந்தச் சுவரைத்தான் உடைக்கும்.