'கேஷ்' நம்ம காசா?

வேர்ப்பித்தன்:
ஆங்கிலக் கேஷ் நம் காசேதான். கிழக்கிந்தியக் கம்பெனி 1808இல் மதராசுக்காக அடித்த செப்பு நாணயத்தைப் பாருங்கள்: ரோமன் எண்ணில் 20, பக்கத்தில் 'கேஷ்'. 80 கேஷ் ஒரு 'பணம்' என்ற நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். வேறென்ன சான்று வேண்டும்?

பழஞ்சுவடி:
நாணயம் உண்மை, முடிவு தப்பு. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு தனிச் சொற்கள் உண்டு. சில்லறை நாணயத்தின் பெயர் ஒன்று: தமிழ்க் காசு போர்ச்சுகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் ஐரோப்பியர் அதையே வைத்தார்கள். இதில் சண்டையே இல்லை. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் வேறு. லத்தீன் 'காப்சா' என்றால் பெட்டி. இத்தாலியத்தில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்'. ஆங்கிலத்திலும் முதலில் பணப்பெட்டிக்கும் அதிலுள்ள பணத்துக்கும் சேர்த்தே கேஷ் என்றார்கள். கேஷியர், பெட்டியைப் பார்த்துக்கொள்பவர்.

வேர்ப்பித்தன்:
காப்சாவின் 'ப்' எங்கே போச்சு? இஷ்டத்துக்கு எழுத்தை விழுங்கினால் எதிலிருந்தும் எதையும் வரவழைக்கலாமே!

பழஞ்சுவடி:
இஷ்டமில்லை, விதி. லத்தீன் 'ப்ஸ்' இத்தாலியத்தில் 'ஸ்ஸ்' ஆகும்: ஜிப்சம், ஜெஸ்ஸோ ஆனது, ஸ்க்ரிப்ஸி (எழுதினேன்), ஸ்க்ரிஸ்ஸி ஆனது. பிரெஞ்சில் இன்னும் சுவாரசியம். சொல்முதல் 'கா' அங்கே 'ஷா' ஆக வேண்டும். காந்தாரே (பாடு) 'ஷாந்தே' ஆனதுபோல. காப்சாவும் அப்படியே 'ஷாஸ்' ஆனது, புனிதப் பொருள் வைக்கும் பேழை. 'கேஸ்' மட்டும் ககரத்தை விடவில்லை, காரணம் அது தென் பிரான்சின் மொழியான புரோவன்சாலிலிருந்து கடன் வாங்கியது. ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துச் சொற்பிறப்பு பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

எழுத்தாணி:
காலத்தையும் பாருங்கள். ரொக்கக் கேஷ் 1590களிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. கம்பெனி தொடங்கியது 1600.

வேர்ப்பித்தன்:
போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டில் இறங்கியது 1498. நூறு வருஷம் போதாதா?

எழுத்தாணி:
காலம் போதும், தடம் இல்லையே. போர்ச்சுகீசியர் பணத்துக்குச் சொல்வது தெனாரியஸ் என்ற ரோமானிய நாணயப் பெயரிலிருந்து வந்த 'தின்யேய்ரு'. அவர்களிடம் 'காய்ஷா' என்றால் பெட்டியும்தான், அதுவும் காப்சாவின் பிள்ளை. குழப்பமே அங்கேதான் பிறக்கிறது.

வேர்ப்பித்தன்:
சரி, பின்னாளில் ஒன்றின் பொருள் மற்றதில் ஏறியிருக்கலாமே?

பழஞ்சுவடி:
ஏறியிருந்தால் இலக்கணம் காட்டிக்கொடுக்கும். நாணயக் கேஷை எண்ணலாம்: 5 கேஷ், 20 கேஷ். ரொக்கக் கேஷை ஆங்கிலத்தில் எண்ணவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு பழைய கணக்கு வரியைக் காட்டுங்கள், அதற்குப் பிறகு பேசுவோம்.