விடுற மீனுக்கு எந்த வலை? பினாங்குத் தூண்டில்காரர்கள் அனுபவம் (பேருக்குப் பதிலா அவங்கவங்க ஊர்ப் பேர்)

பத்து மாவுங்

மீனை அள்ளுற கைவலை, அதாவது தங்குக், நாலு வருஷமா ஒன்னேதான் வச்சிருந்தேன். 25 வெள்ளி (ரிங்கிட்), பச்சை நைலான், முடிச்சு முடிச்சா போட்ட வலை, அலுமினிய வளையம். மீன் ஏறுதா, ஏறுது. அதுக்கு மேல யோசிச்சதில்லை. யோசிக்க வச்சது செபராங் பிறை பக்கம் இருக்கிற ஒரு கோலம் பாஞ்சிங், காசு கட்டித் தூண்டில் போடுற குளம்.

அங்கே பிடிச்ச மீனைத் திரும்ப விட்டுடணும். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நல்ல கனமான பாத்தின் (கெளுத்தி வகை மீன்) ஒன்னு ஏறிச்சு. தங்குக்ல அள்ளி, சிமெண்டுத் தரையில வச்சு, கொக்கியைக் கழட்டி, ரெண்டு படம் எடுத்து விட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போனப்போ தவுக்கே, அதாவது குளத்து முதலாளி, என்னைக் கூப்பிட்டு, ஓரத்துல தனியா ஒதுக்கி வச்சிருந்த ஒரு பாத்தினைக் காட்டினார். குனிஞ்சு பார்த்தேன். விலாவில சாய்சதுரம் சாய்சதுரமா கோடு. வலைக்கண்ணோட அச்சு அப்படியே பதிஞ்சிருக்கு. கோடும் கோடும் சேர்ற இடத்துல, அதாவது முடிச்சு அழுந்தின இடத்துல, பஞ்சைப் பிச்சு ஒட்டின மாதிரி வெள்ளைப் பூஞ்சை. வால் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிஞ்சு கிடக்கு. நான் விட்ட அதே மீனான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தச் சாய்சதுரத்தோட அளவு என் வலைக்கண்ணோட அளவு. அன்னிக்குத் தூண்டில் போட மனசு வரலை, வீட்டுக்குத் திரும்பிட்டேன்.

மீன் உடம்புல இருக்கிற கொழகொழப்பை நாம அருவருப்பாத்தான் பார்க்கிறோம். கிருமியும் பூஞ்சையும் தோலுக்குள்ள இறங்காம காக்கிறது அதுதான். உடம்புக்குள்ள உப்பும் தண்ணியும் அளவா நிக்கிறதுக்கும் அது வேணும். காஞ்ச வலை, காஞ்ச கை, சூடான சிமெண்டு மூணுமே அதை வழிச்சு எடுத்துடும். அப்போ மீன் வாலை ஆட்டிக்கிட்டு நல்லாத்தான் போகும், நமக்கும் திருப்தியா இருக்கும். சாவு நாலஞ்சு நாள் கழிச்சு வரும், அதைப் பார்க்க நாம அங்கே இருக்க மாட்டோம். 2003-ல வெளிவந்த ஒரு கனடா ஆய்வுல, முடிச்சு நைலான், முடிச்சில்லாத நைலான், ரப்பர்னு வலைகளை வச்சுச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. முடிச்சு வலையும் கண் பெரிசா இருக்கிற முரட்டு வலையும்தான் துடுப்பையும் தோலையும் அதிகமாக் கெடுத்திருக்கு. ரப்பர்ல சேதம் குறைவு.

இப்போ ரப்பர் பூசின வலை வச்சிருக்கேன், 90 வெள்ளி ஆச்சு. கண் சின்னது, பை ஆழமில்லை, அடி தட்டையா இருக்கும். ஆழமான பையில மீன் மூட்டை மாதிரி மடிஞ்சு கிடக்கும். தட்டையான அடியில உடம்பு நீட்டிப் படுக்கும், முதுகெலும்பு வளையாது. வலையைத் தண்ணியிலேயே விட்டு, மீன் தண்ணிக்குள்ள இருக்கும்போதே கொக்கியைக் கழட்டிடலாம்.

நீங்க எல்லாரும் என்ன வச்சிருக்கீங்க? எத்தனை நாள் உழைக்குது? எழுதுங்க.

ஜெலுத்தோங்

தம்பி, வலையைப் பற்றிச் சரியாகச் சொன்னீர்கள். நான் 30 வருடத்துக்கு மேலாக ஜெட்டியில் (படகுத்துறையில்) நின்று பிடிப்பவன். என் கண்ணுக்கு வலையை விடப் பிடிக்கிற கைதான் அதிகம் கெடுக்கிறது.

ஜெட்டியில் நீர் வற்றும் நேரத்தில் தண்ணீர் ஆள் உயரத்துக்கும் கீழே போய்விடும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். இரண்டு மீட்டர் கம்பை வைத்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டி அள்ளப் பார்க்கிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். ஆளுக்கும் ஆபத்து, மீனுக்கும் வதை. ஜெட்டிக்கு ஐந்து மீட்டர் நீட்டுக் கம்பு வேண்டும். கார்பன் கம்பு இலேசு, விலை கூடுதல். பைபர் கம்பு கனம், ஆனால் முரட்டுத்தனமாக உழைக்கும். நான் பைபர்தான் வைத்திருக்கிறேன்.

போன தைப்பூச விடுமுறையில் பக்கத்தில் நின்ற ஒரு பையனுக்கு நல்ல சியாக்காப் (கொடுவா மீன்) மாட்டியது. அவனுடைய நண்பன் தங்குக்கை எடுத்துக்கொண்டு மீனைத் துரத்தினான். வாலுக்குப் பின்னால் வலை போனது. மீன் வால் பட்டதும் ஒரே பாய்ச்சல். மறுபடியும் துரத்தல், மறுபடியும் பாய்ச்சல். மூன்றாவது தடவை வளையம் தங்கூசியில் (தூண்டில் நரம்பில்) இடித்து அது அறுந்துபோனது. வாயில் கொக்கியோடும் ஒரு முழம் தங்கூசியோடும் அந்த மீன் போய்விட்டது.

வலை மீனிடம் போகக் கூடாது, மீன் வலைக்கு வர வேண்டும். முதலிலேயே வலையை நனைத்துத் தண்ணீருக்குள் அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். ராட் பிடித்திருப்பவர் மீனைத் தலைப்பக்கமாக வளையத்துக்கு மேலே கொண்டுவரட்டும். பாதி உடம்பு உள்ளே வந்ததும் வலையை உயர்த்தினால் போதும், மீதி தானாக உள்ளே விழும். பெரும்பாலான மீனுக்குப் பின்னோக்கி வேகமாக நீந்த வராது. அதனால் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

பாலேக் பூலாவ்

நான் மகனோட பூலாவ் பெத்தோங் முகத்துவாரத்துல பிடிப்பேன். எங்க ஐயா வச்சிருந்த தங்குக் எங்ககிட்டதான் இருந்தது. பிரம்பு வளையம், ஐயா கையாலேயே முடிச்சுப் போட்ட வலை. அதை விட மனசு வராமத்தான் இத்தனை நாள் பாவிச்சேன்.

போன வருஷம் ராத்திரி எட்டு மணி இருக்கும், செம்பிலாங் (கடல் கெளுத்தி) ஒன்னு ஏறிச்சு. முதுகுல ஒரு முள், பக்கத்துக்கு ஒரு முள், மூணுமே விஷம். மூணும் வலைக்கண்ணுல ஏறி மாட்டிக்கிச்சு. முள்ளுல ரம்பம் மாதிரி பல் இருக்கிறதால உள்ளே போகுது, வெளியே வர மாட்டேங்குது. மீன் முறுக்க முறுக்க வலை இன்னும் சுத்திக்குது. பத்து வயசுப் பையன், எனக்கு உதவி பண்றேன்னு கையை நீட்டிட்டான். நான் போட்ட சத்தத்துல பக்கத்துப் படகுக்காரரே திரும்பிப் பார்த்தார். அவர்தான் வந்து கத்தரிக்கோலால வலையைக் கண் கண்ணா வெட்டி மீனை எடுத்தார். அதுக்குள்ள மீன் செத்துப் போச்சு. அவர் விரல்லயும் லேசாக் குத்திடுச்சு. வலியில முகம் வெளுத்துட்டார். கடைக்காரர் ஃபிளாஸ்க்குல இருந்து சுடுதண்ணி கொடுத்தாங்க, பொறுக்கிற சூட்டுல விளாவி விரலை முக்கி வச்ச பிறகுதான் கொஞ்சம் அடங்கிச்சு.

டூரி, செம்பிலாங், கெலி மாதிரி முள் மீன் வர்ற இடத்துல நைலான் வேண்டாம். ரப்பர்ல முள் சிக்கினாலும் மெதுவா வளைச்சு எடுத்துடலாம். மூணு கொக்கி லூர் (போலி இரை) போடுறவங்களுக்கும் இதே கதைதான். ஒரு கொக்கி மீன் வாயில, ரெண்டு கொக்கி வலையில. அதைப் பிரிக்கிற நேரம் முழுக்க மீன் மூச்சில்லாமக் கிடக்கும்.

ஐயாவோட வளையத்தைத் தூக்கிப் போடலை. அதைப் பத்தி ஒன்னு கேக்கணும். ரப்பர் பை மட்டும் தனியாக் கிடைக்குமா?

பட்டர்வொர்த்

படகுக்காரன் பக்கம் கொஞ்சம் சொல்றேன், உழைப்பைப் பத்தி. பத்து வருஷத்துல ஆறு தங்குக் உடைஞ்சிருக்கு. வலை கிழிஞ்சு போனது ஒன்னே ஒன்னு. மத்த அஞ்சும் மூட்டுல போச்சு.

மடக்குற வளையம் வாங்கினா மடங்குற இடத்தைப் பாருங்க. அது பிளாஸ்டிக்கா இருந்தா வாங்காதீங்க. கெண்டி தீவு பக்கம் ஒரு ஜெனாஹாக் மீன், நாலு கிலோ இருக்கும். தண்ணிக்கு மேல தூக்கின நொடியில டக்குனு பிளாஸ்டிக் மூட்டு உடைஞ்சு, வளையம் மீனோட கீழே தொங்குது. அதுல என் தப்பும் இருக்கு. கம்பைப் படுக்க வச்சு மண்வெட்டி மாதிரி தூக்கினேன். அப்படித் தூக்கினா மீனோட முழு பாரமும் கம்பும் வளையமும் சேர்ற ஒரே இடத்துல விழும். கம்பை நேரா நிமிர்த்தி மேல இழுக்கணும். பக்கத்துல வந்ததும் வளையத்தையே ரெண்டு கையால பிடிச்சுத் தூக்கணும்.

அடுத்தது உப்பு. அலுமினியத்துல எவர்சில்வர் திருகு போட்டிருந்தா, கடல் தண்ணி பட்டுப் பட்டு அந்த இடத்துல அலுமினியம் வெள்ளைப் பொடியா அரிச்சுப் போகும். வெளியே பளபளன்னு இருக்கும், திருகைக் கழட்டிப் பார்த்தா உள்ளே ஓட்டை. வீட்டுக்கு வந்ததும் கம்பை முழுசா நீட்டி நல்ல தண்ணியில கழுவி, நிழல்ல காய வைங்க. நீட்டி மடக்குற கம்பை உப்போட மடக்கி வச்சா அடுத்த வாரம் திருகவே திருகாது.

ரப்பரை எல்லாரும் புகழுறீங்க, அதோட குறையையும் சொல்லணும். முழு ரப்பர் கனம். நீரோட்டத்துல வச்சா தண்ணி அதைப் பிடிச்சு இழுக்கும், ஒரு கையால சமாளிக்க முடியாது. பூசின ரப்பர் இலேசு, ஆனா நாளாக நாளாக அடியில பூச்சு உரியும். உரிஞ்ச இடத்துல தடவிப் பாருங்க, உள்ளே இருக்கிற நைலான் சொரசொரன்னு தெரியும். அப்போ மாத்திடணும். கார் பின்பெட்டியில வெயில்ல கிடக்கிற ரப்பர் ஒட்டும், வெடிக்கும்.

தின்ன எடுத்துட்டுப் போற மீனுக்கு எந்த வலையா இருந்தாலும் பரவாயில்லை. நான் ரெண்டு வச்சிருக்கேன். ஆனா பெரிய சியாக்காப் மட்டும் ரப்பர்லதான் ஏறும், படம் எடுத்ததும் இறங்கிடும். சியாக்காப் ஆணா வளர்ந்து, பெரிசான பிறகு பெண்ணா மாறுற மீன். பெரிசா ஒன்னு கிடைச்சா அது அனேகமா முட்டை போடுற தாய். செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், அங்கே விரலை விடாதீங்க.

பத்து மாவுங்

பாலேக் பூலாவ் அக்கா, ரப்பர் பை தனியாக் கிடைக்குது. வளையத்தோட குறுக்களவை அளந்துட்டுப் போங்க. பிரம்பு வளையம் தடிமனா இருக்கும், பையோட வாய்ப்பட்டையில நுழையாது. அதனால வளையத்தைச் சுத்தித் தடித்த தங்கூசியால ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு கட்டுப் போட்டு மாட்டுங்க. முடிச்சு எல்லாம் வெளிப்பக்கம் வரட்டும், மீன் படுற உள்பக்கம் வேண்டாம்.

ஜெலுத்தோங் ஐயா, நான் இதுவரைக்கும் வாலுக்குப் பின்னாலதான் போயிருக்கேன். நீங்க எழுதினதைப் படிச்சுட்டு நேத்து ராத்திரி போய்ப் பார்த்தேன். ரெண்டு மீன், ரெண்டும் தலை முன்னால, ஒரே தடவையில உள்ளே.

பாலேக் பூலாவ்

அளந்துட்டேன் தம்பி, 48 சென்டிமீட்டர். சனிக்கிழமை பசியாறிட்டுக் கடைக்குப் போறோம். கட்டுறதை மகன் பார்த்துக்கிறானாம். தாத்தா போட்ட முடிச்சு எப்படின்னு பழைய வலையை விரிச்சு வச்சு உக்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கான்.